நாற்றமில்லாத எரு

மார்ச் 3

பெறுநர்: மண் ஆய்வுக்கூடம்

அம்மையீர்,

எங்கள் முலாம் பூசும் ஆலையின் பின்புற நிலத்திலிருந்து எடுக்கப்பட்ட மண் மாதிரிகள், ஐந்து பைகள், இத்துடன் அனுப்பப்படுகின்றன. அருகில் குடியிருப்போர் சிலர் வீண் புகார் கொடுத்திருப்பதால், மண் நல்ல நிலையில் உள்ளது என்னும் அறிக்கையை விரைவில் அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம். மாதிரிகள் அனைத்தும் என் நேரடி மேற்பார்வையில் எடுக்கப்பட்டவை.

இப்படிக்கு,
சுற்றுச்சூழல் அலுவலர்

பின்குறிப்பு: இதை நீதான் பிரிப்பாய் என்று தெரியும். வந்த மண்ணையெல்லாம் மோந்து பார்க்கிற ஆள் அங்கே வேறு யார் இருக்கிறார்கள்? நான்கு வருடமாக நாம் பேசிக்கொள்வதில்லை. இப்போதும் பேசவில்லை. இது அலுவலகக் கடிதம்.


மார்ச் 9

மூக்கனுக்கு,

அம்மையீராம்! சின்ன வயதில் உன் மூக்கைச் சிந்திவிட்டு, கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் உன் முதுகிலேயே துடைத்தவள் நான். அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும், இந்த மூக்கால்தான் நம் உறவு கெடப்போகிறது என்று.

'பேசமாட்டேன்' என்று சொன்னது நான்தான். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் வேலை விஷயமாக உன் ஊருக்கு வந்தவள், ஓட்டலுக்குப் போயிருக்கலாம். தம்பி வீடு இருக்கிறதே என்று வந்தேன். நாற்பத்திரண்டு கண்ணாடி வட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பூஞ்சை, எட்டு மாத வேலை. துணியில் சுற்றி உன் ஃபிரிட்ஜில் வைத்தேன். நீ பால் எடுக்கத் திறந்தாய். அடுத்து நான் கேட்டது, பக்கத்து வீட்டு நாயே பதில் குரல் கொடுத்த உன் அலறல். அப்புறம் நீ முகத்தை மூன்று வீட்டுக்கு அப்பால் திருப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வட்டிலையும் விரல் நுனியால் பிடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாய். "பால் பக்கத்துல பூசணத்த வெக்கிறவ மனுஷியா?" என்று கேட்டாய். அன்றைக்குச் சொன்னதுதான் அந்தப் 'பேசமாட்டேன்'.

சரி, வேலைக்கு வருகிறேன். உலோகத்தை அளக்கிற மெஷினில் விளக்கு போய்விட்டது. புது விளக்கு எங்கிருந்தோ கப்பலில் வருகிறதாம், நீந்தி வருகிறது என்று நினைக்கிறேன். எங்கள் தலைவர் தினமும் மெஷினுக்கு முன் நின்று பெருமூச்சு விடுகிறார். விட்ட பிறகு, மண் கரைக்கிற தொட்டியிலேயே தன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவுகிறார். அதைப் பார்த்தால் நீ மூன்று நாள் சாப்பிடமாட்டாய். எனக்கு மூன்று மணி நேரம்தான் தாங்கியது.

ஆகவே இப்போதைக்கு எங்கள் மெஷின் பூஞ்சைதான். உன் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, பைக்கு ஏழு வட்டில் என்று, பூஞ்சைக்குத் தீனியான கூழ் மேல் ஊற்றியிருக்கிறேன். முதல் வட்டிலில் வெறும் கூழ். இரண்டாவதிலிருந்து, உங்கள் முலாமில் சேர்கிற காட்மியம் என்கிற விஷ உலோகம் ஏறிக்கொண்டே போகும். ஏழாவது வட்டில் சுத்த விஷம். எது எதுவரை முளைக்கிறது என்று பார்ப்போம். பத்து நாள் ஆகும். பூஞ்சையை உன் ஆலை மேனேஜர் மிரட்ட முடியாது.

அக்கா


மார்ச் 14

அக்கா,

உன் கடிதத்தைப் பிரித்ததும் பூசண வாடை அடித்தது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உறைக்கு மேலாகவே படித்தேன். மறுபக்கத்தைப் படிப்பதற்கு இடுக்கியால் திருப்ப வேண்டியிருந்தது. என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்க அக்கா எவ்ளோ நல்லா எழுதுறாங்க. நீங்களும் ஒரு நாளாவது மனுஷன் மாதிரி எழுதுங்க" என்கிறாள்.

நான் மனுஷன்தான். சுத்தமான மனுஷன். போன வருஷம் வரை ஸ்டோரில் இருந்தேன், இரண்டு நாள் பயிற்சி கொடுத்துச் சுற்றுச்சூழல் அலுவலராக்கினார்கள். அதற்கு என் சுத்தம்தான் காரணம் என்று மேனேஜரே சொன்னார். நீ நம்பமாட்டாய், என் வீட்டுத் தோட்டத்தை வந்து பார். கீரை, தக்காளி, வெண்டை. தெருவில் எல்லாருக்கும் என் மனைவி கட்டுக் கட்டாகக் கொடுக்கிறாள். சாணம் கிடையாது, அழுகின இலை கிடையாது, ஈ கிடையாது. நாற்றமில்லாத எரு போட்டிருக்கிறேன். மூக்கைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வரலாம், அவ்வளவு சுத்தம்.

ஒரே தலைவலி பாப்பா. ஆறு வயசாகிறது. செடியிலிருந்து தக்காளியைப் பறித்து அப்படியே தின்கிறாள். கழுவாமல்! கையில் மண்ணோடு! சில நாள் அந்த மண்ணையும் நக்குகிறாள். நான் சோப்போடு பின்னாலேயே ஓடுகிறேன். "அத்தை மாதிரி வளருது" என்கிறாள் அவள் அம்மா.

மேனேஜர் தினமும் கேட்கிறார். பூஞ்சையைக் கொஞ்சம் சீக்கிரம் முளைக்கச் சொல்.

தம்பி


மார்ச் 23

மூக்கா,

முளைத்துவிட்டது. முளைத்தது என்றா சொன்னேன்? குடியேறிவிட்டது. முதல் வட்டிலில் கரிப்பொடி தூவின மாதிரி ஒரு கருப்பு. இரண்டாவதில் அதற்குப் பக்கத்தில் ஓரம் நீலம் பாய்ந்த ஒரு பச்சை. நான்காவதில் ஒரு வெள்ளை வந்தது. முதலில் பஞ்சு மாதிரி இருந்து, பிறகு வியர்க்க ஆரம்பித்தது. மேலெல்லாம் மஞ்சள் சொட்டு. தொட்டால் சளி மாதிரி நூல் விடுகிறது. (படிப்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடி. நான் காத்திருக்கிறேன்.)

ஏழாவது வட்டில்தான் ஆச்சரியம். அங்கேயும் அந்தக் கருப்பு கம்பளம் விரித்து உட்கார்ந்திருக்கிறது. ஐந்து பையிலிருந்தும் இதே கதை. பதினெட்டு வருஷத்தில் இப்படிக் கெட்டியான குடித்தனத்தை நான் பார்த்ததில்லை. தலைவர் சாப்பாட்டு டப்பாவோடு வந்து எட்டிப் பார்த்து, "அட" என்றார். அவர் வாயிலிருந்து வந்த பருக்கை ஒன்று ஏழாவது வட்டிலில் விழுந்தது. கருப்பு அதையும் ஏற்றுக்கொண்டது.

ஒரு சின்ன சந்தேகம். மூன்றாவது பையில் முட்டை ஓடு இருந்தது. ஐந்தாவதில் டீத்தூள். முதல் பையில் ஒரு தக்காளி நாற்று முளைத்து என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறது. ஆலைப் பின்புறம் எப்போதிலிருந்து டீ குடிக்க ஆரம்பித்தது?

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்கா,

நான்கு வருடத்தில் நீ எழுதிய முதல் நல்ல செய்தி! 'முளைத்துவிட்டது' என்ற இடத்தில் கோடு போட்டு மேனேஜரிடம் காட்டினேன். எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். "மண்ணுல உசுரு இருக்குய்யா! ஏழாவது வட்டில்ல கூட முளைச்சிருக்குன்னா எவ்ளோ சத்துள்ள மண்ணு! இனிமே ஒரு பய வாயைத் திறக்கட்டும்" என்றார். பூஞ்சையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார். வாசலில் போர்டு வைக்கப் போகிறார்களாம், அடுத்த வருஷக் காலண்டரிலும் போடுவார்களாம். அந்த மஞ்சள் சொட்டு விடுகிறதை மட்டும் வேண்டாம் என்றேன். நம் காலண்டர் சாப்பாட்டு அறையில் மாட்டுவது.

டீத்தூள், முட்டை ஓடு எல்லாம் எங்கள் வாட்ச்மேன் வேலை. கண்ட இடத்தில் கொட்டுவான். சுத்தம் தெரியாதவன். தக்காளி விதையும் அவன் சாப்பாட்டிலிருந்து விழுந்திருக்கும்.

அறிக்கையை இந்த வாரமே அனுப்பிவிடு. என் பதவி உயர்வு இதில்தான் தொங்குகிறது.

உன் தம்பி


ஏப்ரல் 1

அலுவலர் அவர்களுக்கு,

உங்கள் மேனேஜர் ஒரு பிணத்தின் மேல் புழு நெளிவதைப் பார்த்தால், "ஆள் நல்லா இருக்கார், அசையிறார் பாருங்க" என்பாரா? காலண்டரில் போடுவாரா?

கேள். எங்கள் ஆய்வுக்கூட வாசலில் இருக்கிற பூந்தொட்டி மண்ணையும் ஒப்பிடுவதற்காக வைத்துப் பார்த்தேன். அதிலிருந்து வந்த பூஞ்சை மூன்றாவது வட்டிலோடு சரி. அதற்கு மேல் செத்துவிட்டது. சுத்தமான மண்ணில் வளர்ந்தது விஷத்தைக் கண்டால் சாகத்தான் செய்யும். உன் பைக்குள் இருந்தது ஏழாவது வட்டிலில் கம்பளம் விரிக்கிறது என்றால், ஒரு நாளில் அந்தத் தைரியம் வரவில்லை. அது இருந்த மண்ணில் வருஷக்கணக்காக விஷம் இருந்திருக்கிறது. தாங்காததெல்லாம் செத்து, தாங்கியது மட்டும் பிள்ளை குட்டி பெற்றுப் பெருகியிருக்கிறது. நீ சத்து என்று கும்பிட்டது அதைத்தான். எனக்கு அந்தக் கருப்பு அருவருப்பாக இல்லை. உன் 'அன்புள்ள அக்கா'தான் அருவருப்பாக இருந்தது.

நான்காவது பையைச் சலித்தபோது கிடைத்ததை இத்துடன் ஒரு சின்னக் கவரில் வைத்திருக்கிறேன். கவரைப் பிரிக்காமல் வெளியிலிருந்தே பார். இளஞ்சிவப்பு ரப்பர் செருப்பு, ஒற்றை, என் சுண்டுவிரல் நகத்தளவு. உன் வாட்ச்மேனுக்குக் கால் இவ்வளவுதானா?

மூக்கா, மண்ணை எங்கே அள்ளினாய்? அலுவலர் பதில் எழுத வேண்டாம். தம்பி எழுதட்டும்.


ஏப்ரல் 4

அக்கா,

அது பாப்பாவின் பொம்மைச் செருப்பு. ஒரு மாதமாக வீடு முழுக்கத் தேடினோம். கட்டிலுக்கு அடியில் நான் தவழ்ந்தேன்.

ஆலைப் பின்புறம் போனேன், இல்லை என்று சொல்லவில்லை. தரை மஞ்சளும் பச்சையுமாகச் சீழ் கட்டின புண் மாதிரி இருந்தது. காலை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, திரும்பிவிட்டேன். அதை அனுப்பினால் உன்னிடமிருந்து என்ன வரும் என்று தெரியாதா? அதனால் எனக்குத் தெரிந்த இடங்களிலேயே சுத்தமான மண் எது என்று யோசித்தேன். என் வீட்டு மண். நானே ஐந்து பை அள்ளினேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மனைவி தோட்டத்துக்குச் சாணம் வாங்கி வரச் சொன்னாள். எனக்கு அந்த நாற்றம் ஆகாது. ஆலையில் முலாம் தொட்டியின் கசடைக் காயவைத்து, பொடியாக்கி, சாக்கில் கட்டி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். சாக்கில் என்ன பெயர் போடலாம் என்று மேனேஜர் ஸ்டோரில் வந்து கேட்டார். 'மண் ஊட்டம்' என்று நான்தான் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். சாக்கைப் பிரித்து முகத்தை உள்ளே விட்டு மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. இருபது சாக்கு கொண்டுவந்தேன்.

பூஞ்சைதான் இவ்வளவு தாங்குகிறதே, அதுவே விஷத்தைத் தின்று சுத்தம் பண்ணிவிடாதா? பண்ணிவிடும் என்று சொல்.

இன்று காலையும் அவள் இரண்டு தக்காளி தின்றாள்.


ஏப்ரல் 8

தம்பி,

நேற்று போனில் நான் கத்தியதும் நீ அழுததும் போதும். நான்கு வருடம் பேசாததை ஒரே மூச்சில் பேசி முடித்துவிட்டோம். பக்கத்து அறைக்காரர்கள், என் வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து, எனக்கு ஆறுதல் சொல்ல வந்துவிட்டார்கள். கத்தலில் சொன்னதையும் விட்டுப்போனதையும் எழுதுகிறேன்.

தோட்டத்திலிருந்து ஒரு இலைகூட வீட்டுக்குள் வரக்கூடாது. கழுவினாலும் கூடாது, வேகவைத்தாலும் கூடாது. கொத்தாதே, பெருக்காதே, தூசி கிளம்பும். ஈரச்சாக்கைப் போட்டு மூடு. மூன்று பேரும் டாக்டரிடம் போங்கள். காட்மியம் என்று வாயைத் திறந்து சொல்லி ரத்தம், சிறுநீர் பரிசோதனை செய்யச் சொல். 'ஏதோ வயிறு சரியில்லை' என்று கௌரவமாக இழுக்காதே.

பூஞ்சை தின்று தீர்த்துவிடாதா என்று கேட்டாய். அது துப்புரவு பண்ண வரவில்லை, பதுக்க வந்திருக்கிறது. உலோகத்தைப் பிடித்துத் தன் உடம்புச் சுவரில் ஒட்டவைத்துக்கொண்டு பிழைக்கும். செத்தால் மண்ணிடமே திருப்பிக் கொடுத்துவிடும். அந்த நம்பிக்கையை விட்டுவிடு. மெஷின் விளக்கு நீந்தி வந்து சேர்ந்தது, அளந்துவிட்டேன். உன் மண்ணில் காட்மியம் இருக்கலாம் என்கிற அளவைப் போல் பதினாறு மடங்கு. நிக்கலைப் பற்றிக் கேட்காதே.

இப்போது என்னைப் பற்றி. உன் பைகள் வந்த அன்றே டீத்தூளைப் பார்த்துவிட்டேன். 'மாட்டினான் மூக்கன்' என்று குதித்தேன். 14ஆம் தேதிக் கடிதத்தில் தக்காளி என்று நீ எழுதினாய். 23ஆம் தேதி எனக்கு ஏழாவது வட்டிலும் தெரியும், தக்காளி நாற்றும் தெரியும். அன்றைக்கே போனை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம், அந்த நாற்பத்திரண்டு வட்டிலுக்குப் பழி தீர்க்கலாம் என்று உட்கார்ந்து நையாண்டி எழுதினேன். எழுதியதை நானே இரண்டு தரம் படித்துச் சிரித்துக்கொண்டேன். அந்த இரண்டு வாரமும் அவள் தின்றிருக்கிறாள். உன் மேனேஜருக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போடலாம். கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை, பல்லைக்கூடப் பார்க்காமலேதான் தேய்க்கிறேன்.

இன்னும் ஒன்று. இருபது சாக்கு நீ எடுத்தாய். மற்றவர்கள்? 'மண் ஊட்டம்' எத்தனை வீட்டுக்குப் போனது? உன் அலுவலகக் கடிதத்தைத் திருப்பி வாங்கி, இந்த மண் என் வீட்டு மண் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, எங்களுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் அனுப்பு. ஆலை மண்ணையும் அனுப்பு. இந்த முறை வாட்ச்மேன் மேல் போடாதே.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

முதலில் பாப்பா. அளவு கொஞ்சம் கூடுதல்தான் என்றார் டாக்டர். சிறுநீரகம் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, தின்பதை நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்து மறுபடி வாருங்கள் என்றார். எனக்கும் மனைவிக்கும் அவளைவிடக் கூடுதல். நான் காட்மியம் என்றதும் டாக்டர் நிமிர்ந்து, "எங்கே வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அப்புறம் அவர் என்னைப் பார்த்த பார்வை, அன்றைக்கு நான் உன் வட்டிலைப் பார்த்த பார்வை.

கடிதம் அனுப்பிவிட்டேன். மேனேஜரிடம் முதலில் காட்டினேன். படித்துவிட்டு, "வேலை வேணுமா வேண்டாமா?" என்றார். "தெரியல சார்" என்றேன், நிஜமாகவே தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து வாசலில் வாட்ச்மேன் என்னை உள்ளே விடவில்லை. "மன்னிச்சிடுங்க சார், மேல சொல்லிட்டாங்க" என்றான். அவன் குடித்துக்கொண்டிருந்த டீயில் எனக்குப் பாதி கொடுத்தான். அவன் கிளாஸிலேயே. குடித்தேன்.

அவன்தான் அன்று மாலை பின்பக்கக் கம்பிவேலி கிழிந்த இடத்தைக் காட்டினான். கையுறை போட்டு, நானே குனிந்து அள்ளினேன். இரண்டு முறை வாந்தி எடுத்தேன். மண்ணில் படாமல் எடுத்தேன், மாதிரி கெடக்கூடாது பார்.

'மண் ஊட்டம்' போனது மொத்தம் முப்பத்தோரு வீடு. ஸ்டோரிலிருந்து முன்பே எடுத்துவந்த, சாக்கு கொடுத்த நோட்டில் என் கையெழுத்திலேயே பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினேன், எங்கள் கீரையை வாங்கித் தின்ற தெருக்காரர்கள் கதவையும். முலாம் தொட்டியில் வேலை பார்க்கிற ஃபிட்டர், கையிலிருந்த கீரைக்கட்டை என் மூஞ்சியில் எறிந்தார். இன்னொரு வீட்டம்மா மட்டும் நம்பவேயில்லை. "விஷமா? நாத்தமே இல்லையே தம்பி" என்றார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் அவரே தண்ணீர் கொடுத்து, ஒரு பை மண்ணும் அள்ளிக் கொடுத்தார். முப்பத்தொன்றில் இருபத்தாறு வீட்டு மண் கிடைத்திருக்கிறது. மீதி ஐந்து வீட்டுக்கு நாளை மறுபடி போகிறேன்.

மனைவி என்னோடு பேசுவதில்லை. "நாலு வருஷம் பேசாம இருக்க எனக்கும் வரும்" என்று பாப்பாவிடம் சொல்லி, பாப்பா வந்து என்னிடம் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு பையிலும் வீட்டு எண்ணை எழுதி ஒட்டியது அவள்தான். என் கையெழுத்து அவளுக்கு இப்போது ஆகவில்லை.

நீ அடுத்த வாரம் வருகிறேன் என்று போனில் சொன்னதை நம்பி இதைச் செய்திருக்கிறேன். மண்ணைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்றாய். ஃபிரிட்ஜிலிருந்து பால், காய், தண்ணீர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன். பால் திரிந்தது, திரியட்டும். இருபத்தாறு வீட்டு மண்ணும் ஆலை மண்ணும் கீழே இருக்கின்றன. மேல் தட்டு உனக்கு. நாற்பத்திரண்டு வட்டில் கொள்ளும், ஒரு அட்டையை வெட்டி வைத்து அளந்து பார்த்தேன்.

தினமும் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு மோந்து பார்க்கிறேன். ஒன்றும் நாறவில்லை, அக்கா. குமட்டுகிறது.

மூக்கன்